சாய்ந்துகொண்டு மிதிக்கும் சைக்கிள்: பொழிச்சலூருக்கு ஒத்துவருமா?

தமிழ்நாட்டில் நாற்பது வயதைத் தாண்டியவர்களில் பாதிப்பேர் சைக்கிள் கற்றுக்கொண்டது அப்பாவின் சைக்கிளிலோ, மணிக்கு இவ்வளவு என்று எடுத்த வாடகை சைக்கிளிலோதான். சீட்டில் உட்கார்ந்தால் கால் எட்டாது. பாருக்குக் கீழே ஒரு காலை நுழைத்து, உடம்பை ஒரு பக்கமாக வளைத்து, குரங்குப் பெடல் போட்டுத்தான் ஓட்ட வேண்டும். சைக்கிள் உடம்புக்கு ஏற்றதாக இல்லையென்றால் உடம்பை சைக்கிளுக்கு ஏற்ற மாதிரி வளைத்துக்கொள்ள வேண்டும் என்பது அன்றைக்குப் படித்த பாடம்.

பிறகு கால் எட்டியது. ஆனால் பாடம் மட்டும் மாறவே இல்லை! மணிக்கட்டு மரத்துப் போனாலும், கழுத்து இழுத்தாலும், சீட்டு உறுத்தி உட்கார முடியாமல் போனாலும் "சைக்கிள்னா அப்படித்தான்" என்று ஓட்டிக்கொண்டே இருப்பார்கள். ஐம்பத்தைந்து, அறுபது வயதில் ஒருநாள் டாக்டர் "இனிமேல் சைக்கிளை விட்டுடுங்க" என்பார். சைக்கிள் திண்ணை ஓரத்தில் போய் நிற்கும். அதோடு அந்த மனிதரின் நடமாட்டமும் பாதியாகக் குறையும்.

இந்த இடத்தில்தான் ரெக்கம்பென்ட் சைக்கிள் என்ற பேச்சு வருகிறது. உடம்பை வளைக்காமல், சைக்கிளையே உடம்புக்கு ஏற்ற மாதிரி வளைத்தால் என்ன என்ற யோசனை அது. பார்க்க ஈஸிசேரில் சக்கரம் மாட்டியது போல இருக்கும். முதுகு சாய்ந்திருக்கும், கால்கள் முன்னால் நீண்டிருக்கும், பெடலும் முன்னால்தான். சாய்வு சைக்கிள் என்று சொன்னால் யாருக்கும் புரியும்.

இணையத்தில் இதன் படங்களைப் பார்த்து ஆசைப்படுபவர்கள் நிறைய. ஆனால் வாங்கலாமா வேண்டாமா என்பதை படம் சொல்லாது. நீங்கள் ஓட்டப் போகிற ரோடுதான் சொல்லும். பொழிச்சலூர் ரோட்டை வைத்தே அதைப் பார்க்கலாம்.

எத்தனை வகை?

சாய்வு சைக்கிளில் இரண்டு சக்கரம், மூன்று சக்கரம் என்று இரண்டு குடும்பங்கள் இருக்கின்றன.

இரண்டு சக்கரத்தில் நீளமானது ஒன்று, குட்டையானது ஒன்று. நீளமானதில் முன்சக்கரம் பெடலுக்கும் முன்னால் இருக்கும். நிதானமாகப் போகும், ஆனால் திருப்ப நிறைய இடம் வேண்டும். குட்டையானதில் பெடல் முன்சக்கரத்தைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கும். சட்டென்று திரும்பும், ஆனால் பழகக் கொஞ்ச நாளாகும். சாதாரண சைக்கிளில் இருபது வருட அனுபவம் இருந்தாலும் இதில் ஏறினால் முதல் நாள் தள்ளாட்டம்தான். நின்று கிளம்பும் அந்த முதல் இரண்டு மிதிதான் சிரமம்.

மூன்று சக்கர வண்டியில் பெரும்பாலும் முன்னால் இரண்டு, பின்னால் ஒன்று. சிலவற்றில் முன்னால் ஒன்று, பின்னால் இரண்டு. இதில் விழுகிற பேச்சே பெரும்பாலும் இல்லை (வேகமாகப் போய் வெடுக்கென்று திருப்பினால் ஒழிய). முதல் நாளிலிருந்தே ஓட்டலாம், சிக்னலில் காலை ஊன்றாமல் ஹாயாக உட்கார்ந்திருக்கலாம். ஆனால் சீட் தரையிலிருந்து ஏறக்குறைய ஒரு முழம் உயரத்துக்குள்தான் இருக்கும்.

ரேஸில் தோற்காமலே வெளியேற்றப்பட்ட சைக்கிள்

இவ்வளவு சுகமான வண்டி என்றால் ஏன் எங்கும் காணோம்? அதற்கு ஒரு கதை இருக்கிறது.

பிரான்ஸில் சார்ல்ஸ் மோஷே என்பவர் வெலோகார் என்ற பெயரில் பெடல் மிதித்து ஓட்டும் நான்கு சக்கர வண்டிகளைச் செய்து விற்று வந்தார். பிறகு அதை இரண்டாக வெட்டினாற்போல் இரண்டு சக்கரத்தில் ஒரு சாய்வு சைக்கிள் செய்தார். 1933 ஜூலை 7 அன்று பாரிஸில் பிரான்சிஸ் ஃபோர் என்பவர் அதில் ஏறி ஒரு மணி நேரத்தில் 45.055 கிலோமீட்டர் ஓட்டினார். அதற்கு முந்தைய சாதனை 44.247 கிலோமீட்டர். 1914-இல் ஆஸ்கர் எக் வைத்தது. பத்தொன்பது வருடமாக யாராலும் முறியடிக்க முடியாத சாதனை அது. முறியடித்த ஃபோர் முதல் வரிசை வீரர்கூட இல்லை!

பாராட்டியிருக்க வேண்டும் அல்லவா? நடந்தது வேறு. உலக சைக்கிள் பந்தயங்களை நடத்தும் சர்வதேச அமைப்பு 1934-இல் "சைக்கிள் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும்" என்று புதிதாக ஒரு இலக்கணம் எழுதியது. சாய்வு சைக்கிள் அந்த இலக்கணத்துக்குள் வரவில்லை. ஃபோரின் சாதனையும் சைக்கிள் சாதனையாகக் கணக்கில் சேரவில்லை. பந்தயத்தில் இடமில்லாத வண்டியைப் பெரிய கம்பெனிகள் திரும்பிப் பார்க்கவில்லை. கம்பெனிகள் செய்யாததால் கடைகளில் இல்லை. கடைகளில் இல்லாததால் யாரும் பார்த்ததில்லை. 1970-களில் அமெரிக்காவில் எம்.ஐ.டி. பேராசிரியர் டேவிட் கோர்டன் வில்சன் போன்றவர்கள் கையில் எடுத்த பிறகுதான் அது மறுபடி உயிர்பெற்றது.

வேகத்தில் அது இன்றைக்கும் ராஜாதான். 2016-இல் அமெரிக்காவின் நெவாடா பாலைவனத்தில், டாட் ரைகெர்ட் என்ற கனடாக்காரர் முழுக்க மூடிய சாய்வு சைக்கிளில் மணிக்கு 144.17 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டார். மோட்டார் எதுவும் கிடையாது, வெறும் கால் பலம்!

இதைப் படித்துவிட்டுத்தான் பலபேர் மயங்குகிறார்கள். இதில் ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது. சாய்வு சைக்கிளின் வேகத்துக்குக் காரணம் காற்றை எதிர்க்கும் பரப்பு குறைவாக இருப்பது. காற்றை எதிர்க்கத் தேவைப்படும் சக்தி வேகத்தின் மும்மடிப்பாக ஏறும். வேகம் இரண்டு மடங்கானால் சக்தி எட்டு மடங்கு வேண்டும். மணிக்கு 30 கிலோமீட்டரில் மிதிப்பவரின் உழைப்பில் பெரும்பகுதியைக் காற்றே தின்றுவிடும். அங்கே சாய்வு சைக்கிள் லாபம். ஆனால் மணிக்கு 12 கிலோமீட்டரில் காற்றுக்குப் போவது கொஞ்சம்தான். அங்கே லாபமும் கொஞ்சம்தான். பொழிச்சலூரிலிருந்து பம்மல் வழியாகப் பல்லாவரம் ஸ்டேஷனுக்குக் காலை எட்டரை மணிக்குப் போகிறவர், ஷேர் ஆட்டோவுக்கும் தண்ணீர் லாரிக்கும் நடுவே 12 கிலோமீட்டர் வேகத்தில் போனாலே பெரிய விஷயம்!

ஆக, வேகம் என்ற காரணத்தை முதலிலேயே அடித்துவிடலாம்.

புதுக்கோட்டை சொல்லிக்கொடுத்தது

எந்த சைக்கிள் யாருக்கு ஏற்றது என்ற கேள்விக்குத் தமிழ்நாட்டிலேயே ஒரு நல்ல பதில் கிடைத்திருக்கிறது. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டார்கள். அப்போது கலெக்டராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். பத்திரிகையாளர் பி.சாய்நாத் அதைப் பற்றி எழுதியதில் ஒரு சின்னத் தகவல் வரும். லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு. அதனால் பெண்கள் ஜென்ட்ஸ் சைக்கிளையே ஓட்டினார்கள். கிடைக்காத குறைக்கு எடுத்தார்கள் என்று நினைத்தால், அதில் சிலர் ஜென்ட்ஸ் சைக்கிள்தான் வேண்டும் என்று விரும்பியே எடுத்தார்களாம். காரணம் அந்த பார். அதன்மேல் குழந்தையை உட்காரவைத்துக்கொண்டு போகலாம்!

சைக்கிள் செய்தவர் ஒன்று நினைத்தார், ஓட்டுபவரின் தேவை வேறாக இருந்தது. "பெண்களுக்கு எது நல்ல சைக்கிள்?" என்று கேட்டால் லேடீஸ் சைக்கிள் என்று பதில் வரும். "குழந்தையோடு போகிற பெண்ணுக்கு எது நல்ல சைக்கிள்?" என்று கேட்டால் பதில் மாறிவிடுகிறது. சாய்வு சைக்கிளைப் பற்றியும் இப்படித்தான் கேட்க வேண்டும். யார், எங்கே, எதற்காக, என்ன சுமையோடு போகிறார்?

பொழிச்சலூர்ப் பெரியவர் ஒருவர்

ஒரு பேச்சுக்கு, பொழிச்சலூரில் வசிக்கும் அறுபது வயதுப் பெரியவர் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். குரோம்பேட்டைப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் முப்பது வருடம் வேலை பார்த்து ரிட்டயர்டு ஆனவர். தினமும் சைக்கிளில்தான் போய்வந்தார். இப்போது கழுத்து எலும்புத் தேய்மானம், கை விரல்களில் மரமரப்பு. ஸ்கூட்டர் ஓட்டிப் பழக்கமில்லை. மகன் வெளிநாட்டில். சைக்கிளை விட்டுவிட்டால் பால் வாங்குவதற்குக்கூட அடுத்தவரை எதிர்பார்க்க வேண்டும். மகன் போனில், "அப்பா, இங்கெல்லாம் வயசானவங்க சாஞ்சு உட்கார்ந்து ஓட்டுற சைக்கிள் வச்சிருக்காங்க. ஒண்ணு அனுப்பட்டுமா?" என்று கேட்கிறார்.

அவர் என்ன பதில் சொல்ல வேண்டும்?

முதலில் அவருடைய ஒரு வாரத்தை எழுதிப் பார்க்க வேண்டும். காலையில் பால், காய்கறி. அகத்தீஸ்வரர் கோயில். வாரத்தில் இரண்டு நாள் பம்மல் அல்லது பல்லாவரம். எப்போதாவது அனகாபுத்தூரில் இருக்கும் தங்கை வீடு. எல்லாமே ஐந்தாறு கிலோமீட்டருக்குள். ஒவ்வொரு பயணத்திலும் ஏறி இறங்குவது நாலைந்து முறை. கையில் பை, சில நாள் கேரியரில் அரிசி மூட்டை.

சாய்வு சைக்கிள் உடம்புக்கு நல்லது செய்யும் என்பது உண்மை. கையில் உடம்பின் பாரம் விழாது, அதனால் மணிக்கட்டும் விரலும் தப்பிக்கும். கழுத்தை நிமிர்த்திப் பார்க்கத் தேவையில்லை. குறுகலான சீட்டின் மூக்கு நரம்பை அழுத்துவதும் இல்லை. நாற்பது, ஐம்பது கிலோமீட்டர் போகிறவர்களுக்கு இது பெரிய வரம். பெரியவரின் கழுத்துக்கும் விரலுக்கும் இது நேரடியான மருந்து போலத் தெரிகிறது.

ஆனால் அவருடைய ரோடு வேறு சில விஷயங்களையும் கேட்கிறது.

பள்ளம்

சாதாரண சைக்கிளில் பள்ளம் வந்தால் நாம் என்ன செய்கிறோம்? பெடலில் எழுந்து நிற்கிறோம். சக்கரம் பள்ளத்தில் இறங்கி ஏறும், அதிர்ச்சியை முழங்கால் வாங்கிக்கொள்ளும். இதை யாரும் சொல்லித்தருவதில்லை, தானாக வந்துவிடும். சாய்வு சைக்கிளில் எழுந்து நிற்க முடியாது. முதுகு முழுக்க சீட்டில் ஒட்டியிருக்கிறது. பள்ளத்தின் அடி நேராக முதுகெலும்புக்குப் போகும். சஸ்பென்ஷன் வைத்த வண்டிகள் உண்டு, விலையும் எடையும் கூடும். முதுகுத் தட்டு விலகியவர்களுக்கு இதனால் வலி அதிகமாகவும் வாய்ப்பிருக்கிறது. முதுகு வலி என்றாலே சாய்வு சைக்கிள் நல்லது என்பது பொதுவான நம்பிக்கை. எந்த வலி என்று டாக்டரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் அந்த நம்பிக்கையில் பணத்தைப் போடக்கூடாது.

இன்னொன்று. இரண்டு சக்கரம் ஒரே கோட்டில் போகும். பள்ளத்துக்கும் ஜல்லிக்கும் நடுவே நாலு விரல் அகலம் இருந்தால் போதும், நம்மூர் ஆட்கள் நுழைத்துவிடுவார்கள். மூன்று சக்கர வண்டிக்கு மூன்று கோடு. ஒரு சக்கரத்தைத் தப்பவைத்தால் இன்னொன்று போய் விழும். குழாய் பதிக்கத் தோண்டி அரைகுறையாக மூடிய தெருவில் இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும். போதாததற்கு உயரமான ஸ்பீடு பிரேக்கர்களில் அடிப்பாகம் தட்டவும் கூடும்.

தண்ணீர்

2015 டிசம்பர் முதல் தேதி இரவை இந்தப் பகுதி மக்கள் மறக்க மாட்டார்கள். அடையாறு கரை புரண்டு பொழிச்சலூர், கவுல் பஜார், அனகாபுத்தூர் எல்லாம் மூழ்கியது. பக்கத்திலிருக்கும் விமான நிலையமே நாள்கணக்கில் மூடிக் கிடந்தது. அப்படிப்பட்ட வெள்ளம் எப்போதாவதுதான். ஆனால் ஒவ்வொரு ஐப்பசி, கார்த்திகையிலும் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்பது சாதாரணம். சாதாரண சைக்கிள்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மெதுவாக மிதித்துப் போய்விடுவார், முடியாவிட்டால் இறங்கித் தள்ளுவார். தாழ்வான மூன்று சக்கர வண்டியில் போகிறவர் தண்ணீரிலேயே உட்கார்ந்திருப்பார்! தள்ளுவதும் சுலபமில்லை, குனிந்துதான் தள்ள வேண்டும். கழுத்து வலிக்காரருக்கு அது வேறு தண்டனை.

வேட்டி என்றதும் இன்னொரு விஷயம். வேட்டி, லுங்கி, புடவையோடு சாய்வு சைக்கிள் ஓட்ட முடியாது. கால் இரண்டும் முன்னால் உயர்ந்திருக்கிற வண்டியில் அது சரிப்படாது என்பதை விளக்க வேண்டியதில்லை. பேன்ட் அல்லது சுடிதார்தான். துப்பட்டா சக்கரத்தில் சிக்காமல் கட்டிக்கொள்ள வேண்டும்.

வெயில்

குனிந்து ஓட்டும்போது வெயில் முதுகில் விழும். சாய்ந்து ஓட்டும்போது முகத்தில் விழும். மழையும் அப்படித்தான். சென்னையின் சித்திரை வெயிலில் முன்னால் விளிம்பு நீண்ட தொப்பி இல்லாமல் முடியாது. முதுகு சீட்டோடு ஒட்டியிருப்பதால் சட்டை நனைந்துபோகும், வலை போட்ட சீட் கொஞ்சம் பரவாயில்லை. (ஒரு லாபம் உண்டு. விமானங்கள் இவ்வளவு தாழப் பறக்கும் ஊரில் கழுத்து வலிக்காமல் அவற்றைப் பார்த்துக்கொண்டே போகலாம். ரோட்டையும் பார்த்தால் நல்லது!)

கண்ணில் படுவது

இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். சாதாரண சைக்கிளில் உட்கார்ந்தவரின் தலை, நிற்கும் ஆளின் தலை உயரத்துக்குக் கிட்டத்தட்ட வரும். காருக்கு மேலாகப் பார்க்கலாம், பஸ் டிரைவரும் பார்ப்பார். தாழ்வான சாய்வு வண்டியில் தலை கார் கண்ணாடிக்குக் கீழே இருக்கும். வெளிநாடுகளில் இதற்காகவே நீளமான குச்சியில் பளிச்சென்ற கொடி கட்டிக்கொள்கிறார்கள். விசித்திரமான வண்டி என்பதால் எல்லோரும் உற்றுப் பார்க்கிறார்கள், ஒதுங்கிப் போகிறார்கள் என்று ஓட்டுபவர்கள் சொல்வதுண்டு. திறந்த ரோட்டில் அது சரி. ஆனால் நிறுத்தியிருக்கும் லாரிக்குப் பின்னாலிருந்து வெளியே வரும்போது? ஓட்டுபவரின் கண்ணுக்கு முன்னால் ஒரு மீட்டர் தூரம் அவர் கால்தான் இருக்கிறது. தெரு முனையில் எட்டிப் பார்ப்பதற்குள் பாதி வண்டி ரோட்டுக்கு வந்துவிடும். தெரு நாய்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். முகத்துக்கு நேரே வந்து குரைக்கும்.

இதையெல்லாம் யாரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வது? ஆள் இருக்கிறார்கள். மாற்றுத்திறனாளிகள் கையால் சுழற்றி ஓட்டும் மூன்று சக்கர வண்டியை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். முதுகு சாய சீட், மூன்று சக்கரம், தாழ்வான உயரம். சாய்வு சைக்கிளுக்கு நம் தெருவில் இருக்கும் நெருங்கிய சொந்தம் அதுதான். சென்னை ரோட்டில் தாழ உட்கார்ந்து போனால் எந்த இடத்தில் லாரி ஒட்டிக்கொண்டு வரும், எந்த ஸ்பீடு பிரேக்கர் இடிக்கும் என்று அவர்களுக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது. வாங்க நினைப்பவர் முதலில் அவர்களில் ஒருவரிடம் பத்து நிமிடம் பேசலாம்.

ரிப்பேரும் ரூபாயும்

நம்மூர் சைக்கிளின் பெரிய பலம் தெருவுக்குத் தெரு இருக்கும் சைக்கிள் கடை. 2001-இல் தாழ்த்தப்பட்ட, பழங்குடி மாணவிகளுக்கு என்று தொடங்கி, 2005-க்குப் பிறகு அரசுப் பள்ளிகளிலும் உதவி பெறும் பள்ளிகளிலும் பதினொன்றாம் வகுப்பு மாணவர்களுக்கு விரிந்த இலவச சைக்கிள் திட்டத்தில் லட்சக்கணக்கான சைக்கிள்கள் வந்தன. எல்லாம் ஒரே மாதிரி அமைப்பு. எந்தக் கடையிலும் பால்ரஸ் முதல் ஃப்ரீவீல் வரை கிடைக்கும்.

சாய்வு சைக்கிளைக் கொண்டுபோனால் கடைக்காரர், "என்ன சார் இது, சேர்ல சக்கரம் மாட்டின மாதிரி இருக்கு?" என்று சிரிப்பார். ஆனால் கைவிட மாட்டார். அதன் பாகங்களில் பாதி சாதாரண கியர் சைக்கிளின் பாகங்கள்தான். செயின் மிக நீளம். கியர் சைக்கிள் செயின் இரண்டு அல்லது மூன்றை இணைத்தால் சரியாகிவிடும். டயரில்தான் கவனம் வேண்டும். 20 இஞ்ச் என்று ஒரே பெயரில் இரண்டு அளவுகள் உண்டு. ரிம் விட்டம் 406 மில்லிமீட்டர் என்றால் பி.எம்.எக்ஸ். சைக்கிள் டயர் பொருந்தும், தேடினால் கிடைக்கும். 451 மில்லிமீட்டர் என்றால் இங்கே கிடைப்பது கஷ்டம். வாங்கும்போது இந்த ஒரு எண்ணைப் பார்த்துவிட்டால் பின்னால் பல நாள் அலைச்சல் மிச்சம்.

விலை? நல்ல மூன்று சக்கர வண்டி வெளிநாட்டிலேயே 2,000 டாலரைத் தாண்டும். கப்பல் கூலியும் வரியும் சேர்ந்தால் இங்கே இரண்டு லட்சத்துக்கு மேல். நிறுத்த இடமும் வேண்டும். அகலம் முக்கால் மீட்டருக்கு மேல், நீளம் இரண்டு மீட்டருக்குப் பக்கம். மாடிப்படிக்குக் கீழே சைக்கிளைச் செருகிவைக்கும் வீடுகளில் இதற்கு இடம் எங்கே?

அப்படியானால் யாருக்குத்தான் இது?

பெரியவரின் கணக்கைப் போட்டுப் பார்த்தால், அவர் பயணம் சின்னது, அடிக்கடி ஏறி இறங்க வேண்டும், ரோடு குறுகலானது, மழைக்காலத்தில் தண்ணீர் நிற்கும். ஒவ்வொரு முறையும் ஒரு முழ உயரத்திலிருந்து எழுந்திருக்க அவர் முழங்கால் ஒத்துழைக்க வேண்டும். சாய்வு சைக்கிள் அவர் கழுத்தைக் காப்பாற்றும், மற்ற எல்லாவற்றையும் கஷ்டமாக்கும்.

அவர் இரண்டு லட்சம் செலவழிப்பதற்கு முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. ஸ்பேனர் எடுத்து சீட்டைச் சரியான உயரத்தில் வைப்பது. ஹேண்டில்பாரை இரண்டு இஞ்ச் உயர்த்துவது. ஸ்பிரிங் வைத்த அகலமான சீட் மாட்டுவது. இந்தக் கால சைக்கிள்களில் பல, பந்தய சைக்கிள் போல முன்னால் குனிய வைப்பவை. பழைய ஜென்ட்ஸ் சைக்கிளில் உட்கார்ந்தால் முதுகு ஏறக்குறைய நேராகவே இருக்கும், கையில் பாரம் குறைவு. சாய்வு சைக்கிள் தேவை என்று நினைக்கும் பலருக்கு உண்மையில் தேவைப்படுவது நிமிர்ந்து உட்காரும் சைக்கிள்தான். சில நூறு ரூபாயில் முடிகிற விஷயம். டாக்டரிடமும் "சைக்கிள் ஓட்டலாமா" என்று மட்டும் கேட்காமல், "நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டினால் பரவாயில்லையா" என்று கேட்க வேண்டும். கேள்வி மாறினால் பதிலும் மாறலாம்.

ஆனால் அதே பொழிச்சலூரில் வேறு இரண்டு பேருக்குப் பதில் வேறு.

ஒருவர், ஞாயிறு விடியற்காலை நாலரைக்கு எழுந்து பல்லாவரம்–துரைப்பாக்கம் ரேடியல் ரோடு, சோழிங்கநல்லூர் வழியாக ஈ.சி.ஆரில் கோவளம் வரை போய்வருபவர். போக வர 60 கிலோமீட்டருக்குக் குறையாது. மேடு என்று சொல்ல மேம்பாலங்களைத் தவிர ஒன்றுமில்லை. (மேட்டில் எழுந்து நின்று மிதிக்க முடியாதது சாய்வு சைக்கிளின் குறை. சென்னையின் சமதளம் அந்தக் குறையை மறைத்துவிடும்.) கடற்காற்று எதிர்த்து அடிக்கும்போது சாய்ந்திருப்பவருக்குத்தான் லாபம். இவருக்கு இரண்டு சக்கர சாய்வு சைக்கிள் பொருத்தம். கால் தசைகள் புதிய நிலைக்குப் பழக ஒரு மாதமாவது ஆகும். சீட்டில் முதுகை முட்டுக்கொடுத்து உடல் எடையைவிட அதிகமாக அழுத்த முடியும் என்பதால் முழங்கால் கெடாமல் சின்ன கியரில் வேகமாகச் சுற்றப் பழக வேண்டும். பழகிவிட்டால் பிறகு விட மாட்டார்.

இன்னொருவர், பக்கவாதத்துக்குப் பிறகோ, காதுக் கோளாறாலோ சமநிலை இழந்தவர். இரண்டு சக்கரத்தில் இனி ஏறவே முடியாது. கால்கள் மட்டும் வேலை செய்கின்றன. இவர் முன்னால் இருக்கும் தேர்வு சாய்வு சைக்கிளா, சாதாரண சைக்கிளா என்பதே இல்லை. மூன்று சக்கர வண்டியா, இல்லை வீட்டுக்குள்ளேயே இருப்பதா என்பதுதான். அப்போது பள்ளம், வெயில், நாய் எல்லாம் சமாளிக்க வேண்டிய விஷயங்களாகிவிடும். விடியற்காலையில், போக்குவரத்து இல்லாத நேரத்தில், கொடி கட்டி, விளக்கு போட்டு, பெடலிலிருந்து கால் நழுவாதபடி பட்டை கட்டிக்கொண்டு போகலாம். (கால் நழுவித் தரையில் பட்டால் வண்டி அதன்மேல் ஏறி எலும்பை முறிக்கும் ஆபத்து மூன்று சக்கர வண்டியில் உண்டு. பட்டை கட்டாயம்.) அவருக்கு அந்த இரண்டு லட்சம் வீண் செலவே ஆகாது.

வாங்குவதற்கு முன்

கடைசியாக, செலவில்லாத ஒரு பரீட்சை. பெரிய ஜிம்களிலும் பிசியோதெரபி கிளினிக்குகளிலும் சாய்ந்து உட்கார்ந்து மிதிக்கும் நிலையான சைக்கிள் இருக்கும். அதில் அரை மணி நேரம் விடாமல் மிதித்துப் பாருங்கள். வலி எங்கே குறைகிறது, பாதம் மரத்துப் போகிறதா, இடுப்புக்குக் கீழே உறுத்துகிறதா என்று கவனியுங்கள். இப்படி நான்கைந்து நாள். உடம்பின் பதில் அங்கே கிடைத்துவிடும்.

ரோட்டின் பதிலுக்கு ஒரு நோட்டுப்புத்தகம் போதும். ஒரு வாரம் இப்போதைய சைக்கிளில் போகும்போது எத்தனை முறை இறங்கினீர்கள், எத்தனை முறை பள்ளத்துக்காக எழுந்து நின்றீர்கள், எத்தனை முறை காருக்கு மேலாக எட்டிப் பார்த்தீர்கள், என்ன சுமை ஏற்றினீர்கள் என்று எழுதுங்கள். ஒரு பக்கம் நிறைந்துவிட்டால் நிமிர்ந்த சைக்கிளே உங்களுக்குச் சரி. நாலு வரிக்குமேல் எழுத ஒன்றுமில்லை, ஆனால் வலி மட்டும் தினமும் இருக்கிறது என்றால், கடையிலோ வைத்திருப்பவரிடமோ கேட்டு ஒரு சாய்வு சைக்கிளை ஒருநாள் ஓட்டிப் பார்க்க வேண்டிய ஆள் நீங்கள்தான்.